தவிட்டுக்கு வாங்கிய சிப்பாய்

மரக்காணத்தில் ஒருத்தன் ஒரு தடவை செத்தாலே ஊர் ஆயிரம் நொட்டை சொல்லும். மிலிட்டரிக்காரர் தட்சணாமூர்த்தி இரண்டு தடவை செத்தவர். முதல் தடவை செத்தபோது அவர் ஊரிலேயே இல்லை, சாகவும் இல்லை. இரண்டாம் தடவை 1977 பங்குனியில், காலையில் எனாமல் குவளையில் டீயைக் குடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். உப்பு வாருகிற காலம். பாத்தியில் நின்றிருந்த ஆட்கள் காலைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்கள். இந்த வாட்டியாவது நிஜமா என்று ஒருத்தன் அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நாசமாய்ப் போகிறவன்.

அறுபத்தைந்து வயது. எடுத்தார்கள், கொளுத்தினார்கள், எலும்பைக் கடலில் கரைத்தார்கள். பதினைந்தாம் நாள் மத்தியானம் அவருடைய அக்கா கொளஞ்சியம்மாள் வந்து அடுப்பங்கரை நிலையில் நின்றாள். உள்ளே பாஞ்சாலை உலை வைத்துக்கொண்டிருந்தாள். மிலிட்டரிக்காரரின் பெண்டாட்டி.

"நாளைக்கு விடியக்காத்தால உன்னை உட்கார வைக்கறோம். உங்க அண்ணன் வூட்டுலேர்ந்து கோடிச் சேலை வந்துடுச்சா?"

உட்கார வைப்பது என்றால் தெரியும்தானே? புருஷன் செத்தவளை வாசலில் மணையில் உட்கார வைத்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கல்யாணப் பெண்ணாட்டம் ஜோடிப்பார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக உரிப்பார்கள். கடைசியில் தாலியை அறுத்துப் பால் சொம்பில் போடுவார்கள். உரிப்பதற்கு எதற்கடா ஜோடிக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போடுகிற ஊரில் அதையெல்லாம் கேட்பானேன்.

பாஞ்சாலை திரும்பாமலே சொன்னாள். "நான் உட்கார மாட்டேன் அண்ணி."

"இன்னாது?"

"ஒரே ஆம்பளைக்கு எத்தினி வாட்டிதான் அறுப்பீங்க?"

கொளஞ்சியம்மாள் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாதவர்கள் நீங்கள். நேரே தனக்கும் மிலிட்டரிக்காரருக்கும் மூத்த அண்ணன் காசிலிங்கம் வீட்டுக்குப் போய் ஊரைக் கூட்டிவிட்டாள்.

பாஞ்சாலை கேட்டதில் பொய் ஒன்றுமில்லை. 1942 மாசியில் சிங்கப்பூர் விழுந்தபோது தட்சணாமூர்த்தி அங்கே பட்டாளத்தில் இருந்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு கடுதாசி வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார்: ஆளைக் காணவில்லை, தகவல் கிடைத்தால் எழுதுகிறோம். காணவில்லை என்றுதான் இருந்தது. செத்தான் என்று ஒரு எழுத்து இல்லை. அதை வாத்தியார் மூன்று தடவை படித்துக் காட்டினார்.

ஆனால் இந்தக் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் ஒரு வருஷம் வரவில்லை என்றால் அவன் செத்தவன். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உடம்பு கட்டி, அவனுடைய பழைய சட்டையை மாட்டிக் கொளுத்திவிட்டுக் காரியம் செய்துவிடுவார்கள். மீன்பிடிக்கப் போனவனுக்கு உண்டான வழக்கம் அது. காசிலிங்கம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சிங்கப்பூரு இன்னா நம்ம கால்வாய்க்கு அந்தாண்டையா இருக்குது? கடலைத் தாண்டித்தானே போனான்? வருசம் ஒண்ணாச்சு. தம்பி ஆவி தண்ணிக்குத் தவிக்குது, இன்னும் எத்தினி நாளு பார்க்கறது?" ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தம்பி பங்கு மனையும் அதிலிருந்த ஒன்பது பனையும் காரியம் முடிந்த மறுமாதமே அண்ணன் அனுபவத்துக்குப் போயின.

பாஞ்சாலைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வைக்கோல் பொம்மைக்கு அவள் புருஷனின் நீலக் கோடு போட்ட சட்டையை மாட்டியிருந்தார்கள். மகன் தேவநாதனுக்கு நாலு வயது. கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுத்தபோது, "எங்கப்பா இது இல்லியே" என்று சொன்னான். ஊரில் அன்றைக்கு அறிவோடு பேசியது அந்த நாலு வயசு ஒன்றுதான். அதையும் தலையில் தட்டி அடக்கினார்கள்.

தாலியை அறுத்தது கொளஞ்சியம்மாள். பத்தொன்பது வயதில் அவளுக்கே அறுத்தாயிற்று. தனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்காமல் போய்விடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம். ஒரே இழுப்பு. கயிறு கழுத்தை அறுத்து ரத்தம் கசிந்தது. அந்தத் தாலிப் பொட்டை உருக்கி, காசிலிங்கம் பெண்டாட்டி கமலாம்பாள் மூக்குத்தி செய்து போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் அது அவள் மூக்கில்தான் மினுக்குகிறது.

மூன்று வருஷம் பாஞ்சாலை வெறும் நெற்றியோடு உப்பளத்தில் கூடை சுமந்தாள். 1946 சித்திரையில் ஒரு நாள், திண்டிவனத்து பஸ்ஸிலிருந்து ஓர் எலும்புக்கூடு இறங்கியது. காக்கி நிக்கர், தகரப் பெட்டி, பல் பாதி இல்லை. பிள்ளைகள் பேய் பேய் என்று கத்திக்கொண்டு ஓடின. ஜப்பான்காரன் சிறையில் மூன்றரை வருஷம் கல் உடைத்தவன் நேரே உப்பளத்துக்கு நடந்து வந்தான். வரப்பில் கூடையோடு வந்த பாஞ்சாலை அவனைப் பார்த்ததும் கூடையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"ஏன் பாஞ்சாலை, நெத்தியில ஒண்ணும் இல்ல?"

அவள் என்ன சொல்லுவாள்? நீ செத்துப் போயிட்டே என்றா சொல்லுவாள்? கூடையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவனும் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு விளங்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

வீட்டுக்குள் விடவில்லை. கருமாதி ஆனவன் வாசற்படி மிதித்தால் ஊருக்கு ஆகாதாம். மூன்று நாள் சவுக்குத் தோப்பில் படுத்திருந்தான். பஞ்சாயத்தில் நாட்டாமை அரசப்பன் ஒரு வழி சொன்னார்: செத்தவன் உயிரோடு வர முடியாது, ஆனால் புதுசாய்ப் பிறந்து வரலாம். அதனால் இவன் பிறக்கட்டும்.

பிறக்க வைத்தார்கள். கால்வாய்க் கரையில், ஊரே கூடி நிற்க, நாலு முறத்தைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் அந்த ஆறடி ஆளைக் கோவணத்தோடு முடக்கிப் படுக்க வைத்தார்கள். பிறந்த பிள்ளையை முறத்தில்தானே போடுவார்கள்? மருத்துவச்சி அஞ்சம்மாள் தலையில் வெந்நீர் ஊற்றினாள். "பொறந்த புள்ள அழணும். அழு" என்றாள். அவன் அழவில்லை. ஜப்பான்காரன் மூங்கில் கழியால் முட்டியைப் பெயர்த்தபோதே அழாதவன். "அழாத புள்ள செத்த புள்ளடா, அழுவுடா டேய்" என்று யாரோ கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அஞ்சம்மாள் தொடையில் கிள்ளினாள். முதுகில் அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பினான். கூட்டத்தின் ஓரத்தில், வெள்ளைச் சேலையோடு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பாஞ்சாலை நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு வாய் கோணிக்கொண்டது. அப்போது அழுதான். வாய்விட்டு அழுதான். ஊர் குலவையிட்டது.

நிலைக்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது இங்கே உள்ளதுதான். அஞ்சம்மாளிடமிருந்து ஒரு முறம் தவிட்டுக்கு அவனை வாங்கியது காசிலிங்கம். பேர் வைத்தது தவிடன். புதுசாய்ப் பிறந்த பிள்ளைக்குப் பழைய தட்சணாமூர்த்தியின் மனையிலும் பனையிலும் பங்கு ஏது என்று காசிலிங்கம் கேட்டபோது, ஊர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பட்டாளத்துப் புத்தகத்தில் அவர் தட்சணாமூர்த்தி. ஊர் வாயில் சாகும்வரை தவுட்டு மிலிட்டரி.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பெண்டாட்டி விஷயத்தில்தான் இடித்தது. "நேத்து பொறந்தவனுக்கு அறுத்தவ எப்படிப்பா பொண்டாட்டி ஆவ முடியும்? அறுத்த கழுத்துல மறுபடி கயிறு ஏறுனா ஊருல மழை பெய்யாது. கமலாம்பா தங்கச்சி இருக்குது, கட்டிக்க" என்றார் அரசப்பன். தட்சணாமூர்த்தி எழுந்தார். யாரிடமும் பேசவில்லை. பாஞ்சாலை கையைப் பிடித்துக்கொண்டு, பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கடற்கரை மணலிலேயே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கு நடந்தார். பெயர்ந்த முட்டியோடு விடியலிலிருந்து சாயங்காலம்வரை நடை. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து அவரே கட்டினார். சாட்சி, அங்கே நின்ற மண்குதிரைகள்.

ஊர் அதைத் தாலி என்று ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் உப்பளத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்துப் பொட்டுத் தங்கம் வைத்துக் கொடுத்தார். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்தோரு வருஷம் அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது, ஊர்க்கண்ணுக்கு மட்டும் அவள் அறுத்தவள். வளைகாப்பு வீட்டில் அவளுக்கு வெற்றிலை கிடையாது. கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் தெருவில் அவளைப் பார்த்தால் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே அது எந்த வீட்டுக் கதவு என்று சொல்லுவாள்.

மிலிட்டரிக்காரர் மட்டும் தங்கக்கம்பி என்று சொல்ல வரவில்லை. வீட்டைப் பட்டாளமாக்கி வைத்திருந்தார். ஐந்து மணிக்கு விசில் ஊதுவார். இடுப்புத் துண்டில் எப்போதும் ஒரு பிடி அரிசி முடிந்திருக்கும், குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். சிறையில் அரிசிக்காக மனிதன் மனிதனைக் கடித்ததைப் பார்த்தவராம். தேவநாதன் ஒன்பது வயதில் மீந்த கூழை நாய்க்குக் கொட்டினான். பிள்ளையின் பிடரியைப் பிடித்துத் தரையில் அமுக்கி, நாய் நக்கிய கூழை அவனை நக்க வைத்தார். பாஞ்சாலை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிள்ளை ஆயுசுக்கும் அப்பனோடு சரியாகப் பேசவில்லை. ஊர் அவருக்குச் செய்ததை அவர் வீட்டில் இறக்கினார், வேறென்ன.

ஆனால் மகள் பொன்னி கல்யாணத்தன்று அந்த மனுஷன் செய்ததைப் பாஞ்சாலை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர்கள். "பொண்ணைப் பெத்தவ பந்தல்ல நின்னா தாலி ஏறாது" என்று கொளஞ்சியம்மாள் அவர்கள் காதில் ஓதிவிட்டாள். பெண்ணைத் தாரை வார்க்கக் காசிலிங்கமும் கமலாம்பாளும் நின்றார்கள். பெற்றவளைத் தெருக்கோடி உப்புக் கொட்டாயில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டாய்த் தட்டி திறந்தது. பட்டு வேட்டியும் மெடலுமாக மிலிட்டரிக்காரர் வந்தார். அவள் பக்கத்தில் உப்புக் குவியலில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"நீங்க ஏங்க வந்தீங்க? போங்க, பொண்ணு தேடும்."

"ஜோடியாத்தான் பெத்தோம்" என்றார்.

கெட்டிமேளம் கேட்டதும் அவர் எழுந்து ஒரு கை உப்பை அள்ளி, மேளச் சத்தம் வந்த திக்கைப் பார்த்து வீசினார். அட்சதைக்கு அரிசி இல்லாமலா? இடுப்பில் ஒரு பிடி இருந்தது. அதை அவள் கையில் அவிழ்த்துக் கொட்டி, நீ போடு என்றார். அந்த முடிச்சை அவர் அவிழ்த்து அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாவதற்கு நாலு நாள் முன்னால் அவரே பேச்சை எடுத்தார். "நான் போனதும் உன்னை உட்கார வைக்க வருவாளுங்க. உட்காராதே. ஒரு சாவுக்கு ஒரு வாட்டிதான். அது ஆயிடுச்சு. இது ஆர்டர்" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஆர்டர்தான் இப்போது பாஞ்சாலையின் நெஞ்சில் நின்றது. சாயங்காலம் காசிலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு, பங்காளிகள் பின்னால் வர வந்து சேர்ந்தார்.

"தாலியோட ஒருத்தி வூட்டுல இருக்கும்போது கருமாதி எப்படிப் பண்ணறது? பங்காளிங்க ஒருத்தனும் தலைக்குத் தண்ணி ஊத்திக்க மாட்டான். அப்புறம் உன் பேத்தி கல்யாணத்துக்கு இந்தத் தெருவுல எவன் வந்து நிப்பான்னு பார்த்துக்க."

பாஞ்சாலை நேரே கேட்டாள். "முப்பது வருசமா அது தாலியே இல்லன்னீங்க, மாமா. அறுக்கறதுக்கு மட்டும் அது தாலியா?"

பங்காளிகளில் ஒருத்தன் வானத்தைப் பார்த்தான். ஊருக்கு எப்போது பதில் தேவைப்பட்டது?

பதில் சொன்னது தேவநாதன்தான். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, பாண்டிச்சேரி மில்லில் வேலை, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். "அம்மா, தனக்கோடிக்கு வர்ற வைகாசியில தேதி குறிச்சிருக்குதும்மா. இவங்க வாய் வச்சா அனுமந்தைக்காரங்க மாதிரி அவங்களும்... என் பொண்ணுக்காக உட்காரும்மா. உன் கால்ல விழறேன்." பேத்தி தனக்கோடி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. அவள் கல்யாணத்துக்கும் உப்புக் கொட்டாயில் உட்கார வேண்டியதுதானா என்று பாஞ்சாலை நினைத்தாள். இந்த முறை பக்கத்தில் வந்து உட்கார ஆளும் இல்லை. ஆர்டர் போட்டவர் போய்விட்டார், அதைக் காப்பாற்றப் பெற்ற பிள்ளையே விடவில்லை.

"உட்கார்றேன்" என்றாள் கடைசியில். "ஆனா தெருவுல இருக்கற சுமங்கலி அத்தினி பேரும் வரணும். ஒருத்தி பாக்கி இல்லாம அவங்க கையால எனக்குக் குங்குமம் வைக்கணும். கமலாம்பா அக்கா முதல்ல."

இவ்வளவுதானா என்று காசிலிங்கத்துக்கு மூச்சு வந்தது. வழக்கப்படி வருகிறவர்கள்தானே, வருவார்கள் என்றார்.

வந்தார்கள். விடியற்காலை, வாசலில் மணை. கமலாம்பாள் முதலில் வந்து அவள் முகத்தில் மஞ்சள் பூசினாள். மூக்குத்தி பாஞ்சாலையின் கண்ணுக்கு நேரே ஆடியது. பொன்னி பூ வைத்தாள், வைக்கும்போதே உடைந்து அழுதாள். ஒருத்தி, இரண்டு பேர், பத்துப் பேர், முப்பது பேர். வளைகாப்புக்குக் கூப்பிடாதவள், வெற்றிலை கொடுக்காதவள், கதவைச் சாத்தியவள், எல்லாரும் வரிசையில் நின்று குனிந்து குங்குமம் வைத்தார்கள், நெற்றியில் ஒன்று, தாலியில் ஒன்று. பாஞ்சாலை ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்தாறு வயதில் இந்த ஊர் அவளைச் சுமங்கலியாக்கியது, அரை மணி நேரத்துக்கு.

கொளஞ்சியம்மாள் பால் சொம்போடு வந்து உட்கார்ந்து தாலிக் கயிற்றில் கை வைத்தாள். பாஞ்சாலை அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இன்னா அண்ணி?"

"விடுடி, பொழுது ஏறுது."

"இது இன்னான்னு சொல்லுங்க. சொன்னாத்தான் கையை விடுவேன்."

முப்பது பெண்கள் நின்றார்கள். முப்பது பேரும் சற்று முன்னால்தான் அதற்குக் குங்குமம் வைத்தவர்கள். கொளஞ்சியம்மாள் யார் முகத்தையாவது தேடினாள். ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை.

"தாலி" என்றாள்.

"யார் கட்டினது?"

"என் தம்பி."

"எத்தினி வருசமா?"

கொளஞ்சியம்மாளுக்கு எழுபது வயது. "முப்பத்தோரு வருசமா."

"அப்படின்னா என் பொண்ணு கல்யாணத்துல நான் ஏன் உப்புக் கொட்டாயில உட்கார்ந்திருந்தேன்?"

பாஞ்சாலை கையை எடுத்துக்கொண்டாள். "அறுங்க" என்றாள்.

முன்னொரு நாள் ஒரே இழுப்பில் அறுத்த கை இப்போது நாலு தடவை இழுத்தது. கயிறு நைந்து அறுந்து, தாலி சொம்புக்குள் விழுந்து பால் தெறித்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கிக்கொண்டு, பாஞ்சாலை முதல் குரல் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் குரல் எடுக்கவில்லை. சொம்புக்குள் கைவிட்டுத் தாலியை எடுத்து, முந்தானையில் பாலைத் துடைத்தாள். கமலாம்பாள் பதறிப்போய், "அதை எடுக்கக் கூடாது பாஞ்சாலை, ஆகாது" என்றாள்.

பாஞ்சாலை அந்த மூக்குத்தியையே பார்த்தாள். பிறகு தாலியை, பாடையில் வைக்குமுன் அவர் இடுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த அதே துண்டில், அந்த அரிசியோடு வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வாட்டியும் செத்துட்டாருன்னுதான் சொன்னீங்க" என்றாள். "வந்தாருன்னா கட்டறதுக்கு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தானே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மணையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.